அப்பா அம்மா இருவரின் அஸ்தியையும் ஒன்றாகக் கலந்து வானிலிருந்து தூவ முடியுமா? காவிரிப் படுகையில் யாராவது செய்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் ஒரு தம்பதியின் சாம்பலைப் பிள்ளைகள் சிறு விமானத்தில் கொண்டுபோய் ஒன்றாகத் தூவிய செய்தியைப் படித்துவிட்டு, மயிலாடுதுறைப் பக்கத்தில் உங்கள் பெற்றோருக்கும் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் செய்தோம். விமானத்தில் முடியவில்லை, வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோனில், குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் சொந்த நிலத்தின் மேல் செய்தோம்.

விமான ஆசை எங்கள் வீட்டில் அப்பா விதைத்தது. நேரு 1964 மே மாதம் இறந்தபோது அப்பா பள்ளிக்கூடத்துப் பையன். நேரு தன் உயிலில், ஒரு பிடிச் சாம்பலைக் கங்கையில் கரைத்துவிட்டு, பெரும்பகுதியை விமானத்தில் ஏற்றி இந்திய உழவர்கள் பாடுபடும் வயல்களின் மேல் தூவிவிடச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். அந்தச் செய்தியை வாத்தியார் வகுப்பில் படித்துச் சொன்னதாக அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். “பிரதம மந்திரிக்கே வயல்தான் வேண்டியிருந்தது பார்” என்பார். அதனால் அவர் போனபின் நாங்கள் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

விசாரித்தபோது தெரிந்தது இது. நம் நாட்டு விமான விதிகளில், பறக்கும் விமானத்திலிருந்து பொருள்களைக் கீழே போடுவதற்குப் பொதுவான தடை இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எந்த விமானியும் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. அமெரிக்காவில் நிலைமை வேறு. ஆட்களுக்கும் உடைமைகளுக்கும் ஆபத்து வராமல் பார்த்துக்கொண்டால் போடலாம் என்பது அங்குள்ள விதி. கடலில் தூவுவதானால் கரையிலிருந்து 3 கடல் மைலாவது தள்ளிப் போக வேண்டும், 30 நாளுக்குள் சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கே சிறு விமானங்களும் சிறு ஓடுதளங்களும் ஏராளம். நமக்குப் பக்கத்தில் இருப்பது தஞ்சாவூர் விமானப்படைத் தளம். 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய் போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கேட்காமல் எதையும் பறக்கவிடுவதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

அனுமதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. வெளிநாட்டில் தகனம் முடிந்ததும் எலும்பை இயந்திரத்தில் அரைத்து ஒரே சீரான பொடியாக்கித்தான் குடும்பத்திடம் தருகிறார்கள். அவர்கள் தூவுவது அந்தப் பொடியை. நம் ஊரில் வறட்டி அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண் மெழுகி மூட்டம் போடுகிறோம். மறுநாள் பால் தெளித்து, காலிலிருந்து தலைவரை எலும்பு பொறுக்கிக் கலயத்தில் சேர்க்கிறோம். கலயத்தில் இருப்பது துண்டு துண்டான எலும்பு. கூட அள்ளிவரும் சாம்பலில் பெரும்பங்கு வறட்டியும் விறகும் எரிந்தது. எரிவாயு தகன மேடையில் அப்படி இல்லை, அங்கே கிடைப்பது அத்தனையும் எலும்பின் மிச்சம்தான். ஆனால் அதையும் இங்கே பெரும்பாலும் அரைத்துத் தருவதில்லை.

ஆக, வானிலிருந்து தூவ வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து அந்த எலும்பைப் பொடியாக்க வேண்டும். தன் கையால் தாயின் எலும்பை இடிக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? என் அண்ணன் முடியவே முடியாது என்றுவிட்டார். நான் அவரை வற்புறுத்தவில்லை. எனக்கும் கை வந்திருக்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே விமானத் தூவலை நான் யாருக்கும் எளிதாகப் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் தகன மேடைக்குப் போயிருந்தால் கொடுத்ததை முதலில் திறந்து பாருங்கள், பிறகு முடிவெடுங்கள்.

எங்கள் கதையில் காவிரியும் சேர்ந்துகொண்டது. அப்பா போனது பங்குனியில். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடினால் ஜூன் 12-இல்தான் திறப்பார்கள். நடுவில் ஆறு வெறும் மணல். படித்துறையில் குழாய் வைத்துக் குளிக்கவைத்து அனுப்புகிற காலம் அது. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. “ஆற்றில் தண்ணீர் வரட்டும், அதுவரை அவர் வயலிலேயே இருக்கட்டும்” என்று சொல்லி, கலயத்தைத் துணியால் வாய் கட்டி வயல்மேட்டுப் பூவரசு மரக்கிளையில் தொங்கவிடச் சொன்னார். அஸ்தியை வீட்டுக்குள் வைக்காமல் மரத்தில் கட்டுவது பழைய வழக்கம்தான். தினமும் சாயங்காலம் அந்த மரத்தடிக்குப் போய்வந்தார். தண்ணீர் வரும் முன்பே, வைகாசியில், அவரும் போய்விட்டார். இரண்டாவது கலயமும் அதே கிளைக்கு வந்தது.

இனி இருவரையும் தனித்தனியாகக் கரைப்பது எங்கள் யாருக்கும் சரியாகப் படவில்லை. அண்ணனுக்கு மட்டும் ஒரு தயக்கம் இருந்தது. இருவருக்கும் தனித்தனியே கருமாதி செய்து, தனித்தனியே பிண்டம் வைத்திருக்கிறோமே, கலக்கலாமா என்று கேட்டார். காரியம் செய்துவைத்த ஐயரிடமே கேட்டோம். சடங்கு அவரவருக்குத் தனி, அது முடிந்துவிட்டது; எலும்பு எப்படியும் நீரில் சேர வேண்டியதுதான், இருவரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் விடுவதில் குறை இல்லை என்றார் அவர். உங்கள் குடும்பத்து வழக்கம் வேறாக இருக்கலாம். யாரிடம் கேட்டால் உங்கள் உடன்பிறந்தவர்கள் மனம் ஆறுவார்களோ அவரிடம் கேளுங்கள்.

பிறகு இப்படிச் செய்தோம். மரத்தடியில் புதுத் துண்டு விரித்து இரண்டு கலயங்களையும் ஒன்றாகக் கொட்டினோம். எலும்பைத் தனியே பொறுக்கிப் புதுக் கலயம் ஒன்றில் வைத்தோம். மிஞ்சிய சாம்பலைச் சல்லடையில் சலித்து எடுத்துக்கொண்டோம். எலும்பை இடிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கலயம் பூம்புகாருக்கு, சாம்பல் வயலுக்கு என்று முடிவாயிற்று.

எங்கள் ஊரில் மருந்து அடிக்கும் ட்ரோன் வைத்திருக்கும் தம்பி பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கியவன். அவனிடம் போனபோது முதல் வார்த்தையாகவே மருந்துத் தொட்டியில் போட முடியாது என்றான். நீரில் கலந்தால் முனைக்குழாய் அடைத்துக்கொள்ளும், பூச்சிமருந்து வைத்த தொட்டியில் தாத்தாவையும் ஆத்தாவையும் வைக்க எனக்கே மனம் வராது என்றான். விதையும் உரமும் தூவுவதற்குத் தனிப் பெட்டி இருக்கிறது. அதைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தான். வெறும் சாம்பலைப் போட்டால் இறக்கைக் காற்றில் புகையாகக் கலைந்து பக்கத்து வயலுக்குப் போய்விடும் என்று அவன் சொன்னதால் தக்கைப்பூண்டு விதையோடு கலந்தோம். ஏக்கருக்கு 20 கிலோ விதை. எப்படியும் சம்பாவுக்கு முன் பசுந்தாள் உரத்துக்கு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுவதுதான். விதைக்குச் சாம்பல் கலப்பதும் நம் ஆட்களுக்குப் புதிதில்லை.

பயிருக்குக் கேடு வருமா என்று கேட்பீர்கள். தகனச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். ஒரே இடத்தில் கொட்டினால் அங்கே செடி கருகும். ஏக்கர் கணக்கில் மெல்லிசாகப் பரப்பினால் மண் தாங்கிக்கொள்ளும்.

விதி விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி, வரைபடத்தில் பச்சை நிறத்தில் குறித்திருக்கும் பகுதியில் (பச்சை மண்டலம்) 400 அடி உயரம் வரை பறக்கத் தனி அனுமதி தேவையில்லை. விமான நிலையத்தைச் சுற்றியும் படைத்தளத்தைச் சுற்றியும் கட்டுப்பாடு உண்டு. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பதிவு செய்த ட்ரோனும் சான்றிதழ் உள்ள ஆளும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். எங்கள் ட்ரோன் தென்னை மர உயரத்துக்குக்கூடப் போகவில்லை. அண்டை வயல்காரர்களிடம் முன்பே சொல்லி வைத்திருந்தோம். இதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நம் படுகையில் ஆள் இல்லாத நிலம் என்று ஒன்று கிடையாது. விமானத்திலிருந்து தூவினால் யாரோ ஒருவர் நாற்றங்காலில், யாரோ ஒருவர் குளிக்கிற வாய்க்காலில் விழும். நமக்குப் புனிதமானது அவர்களுக்குத் தீட்டாகவும் அச்சமாகவும் இருக்கலாம், அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

நாள் எதுவானாலும் விடியற்காலையில் செய்யுங்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று கிளம்பிவிட்டால் விதைகூட நினைத்த இடத்தில் விழாது.

இத்தனை சிரமம் எதற்கு, எல்லாவற்றையும் ஆற்றில் விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். நான் இதில் உறுதியாக இருந்ததற்குக் காரணம் உயரமோ புதுமையோ அல்ல. எங்கள் ஊரில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. அப்பாவை அனுப்பும்போதும் அம்மாவை அனுப்பும்போதும் நானும் தங்கையும் தெருமுனையோடு நிறுத்தப்பட்டோம். நாற்று நட, களை பறிக்க, உளுந்து பறிக்க அம்மாவோடு வாழ்நாளெல்லாம் குனிந்து நின்ற பெண்கள் வாசலில் மாரடித்து அழுததோடு சரி. வயலுக்கு வரக்கூடாது என்று எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அன்று வரப்பில் நின்றவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். பெட்டியில் சாம்பல் கலந்த விதையை ஆளுக்கொரு பிடியாகப் போட்டோம். முதல் பிடியை என் அத்தை போட்டார். அம்மாவுக்கு நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுத்தே பழகிய ஒரு பாட்டி, “இந்த மனுசி நடக்காத வரப்பு ஏது” என்று சொல்லிவிட்டுப் போட்டார். அந்தப் பாட்டியை எந்த மயானமும் முன்வரிசைக்கு அழைத்திருக்காது. கும்பாபிஷேகத்தில் ட்ரோன் புனித நீர் தெளிப்பதைப் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் ட்ரோன் மேலெழுந்தபோது யாரும் மிரளவில்லை. சிலர் கைகூப்பினார்கள்.

உங்கள் பெற்றோருக்குச் செய்யும்போது ட்ரோன் கிடைக்காவிட்டாலும் மனம் தளராதீர்கள். சாம்பலை விதையோடு கலந்து கையால் வீசித் தெளித்தாலும் அது காற்றின் வழியாகத்தான் மண்ணுக்குப் போகும். கலக்கிற வேலையை மட்டும் பிறரிடம் விடாதீர்கள். பிள்ளைகள் எல்லாரும் வரும் நாளாகப் பார்த்து உங்கள் கைகளாலேயே செய்யுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறப்புக்காக இரண்டு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை, கலயம் மரத்தில் பத்திரமாக இருக்கும்.

எலும்புக் கலயத்தைப் பூம்புகாருக்குக் கொண்டுபோவதானால் ஆற்றுத் தண்ணீர் கடலைத் தொட்டுவிட்டதா என்று அங்கே யாரிடமாவது கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கடைமடை வரை வர, மேட்டூரில் திறந்த பிறகும் நாள் பிடிக்கும். ஆடி அமாவாசையன்று நெருக்கியடிக்கும் கூட்டம், நின்று கும்பிட இடம் இருக்காது. அதற்கு முன்போ பின்போ ஒரு சாதாரண நாளில் போங்கள். மண்கலயமும் பூவும் மட்டும் போதும், பிளாஸ்டிக் பை எதையும் தண்ணீரில் விடாதீர்கள். அலை அங்கே திடீரென்று இழுக்கும், வயதானவர்களை முழங்கால் ஆழத்துக்கு மேல் இறங்க விட வேண்டாம்.