எலி கடித்த பாம்பு
வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: வீட்டுப் பாம்புக்கு எலியை உயிரோடு போடுவதா, கொன்று போடுவதா? அதனால் மீன் தொட்டிக் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் பால் பைத்தானுக்கு மூன்று வயது. இதுவரை உயிருள்ள எலிதான் கொடுத்து வருகிறோம். உறைய வைத்த எலிக்கு மாறலாம் என்றால் என் கணவர், "காட்டில் யார் எலியைக் கொன்று ஊட்டிவிடுகிறார்கள்? வேட்டையாடாத பாம்பு பாம்பே இல்லை" என்கிறார். மகளோ எலி கத்துவதைக் கேட்டு அழுகிறாள். யார் பக்கம் நியாயம்?

மகள் பக்கம். அவள் எலிக்காக அழுகிறாள், நான் பாம்புக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன்.

(பால் பைத்தான் என்றதும் சிலருக்குப் பசும்பால் நினைவு வந்துவிடுகிறது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த பெயர் அது.)

காட்டைப் பற்றி உங்கள் கணவர் சொல்வதில் தப்பில்லை, ஆனால் உங்கள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டி காடு இல்லையே. காட்டில் பாம்பு பசித்தால்தான் காத்திருக்கும், எலி வரும் வழியில் ஒளிந்திருந்து, தோதான கோணம் கிடைத்தால் பாயும், இல்லையென்றால் விட்டுவிடும், எலியும் தப்பி ஓடிவிடும். பெட்டிக்குள் இரண்டுக்கும் ஓட இடமில்லை. பாம்புக்கு அன்று பசி இல்லை, அல்லது சட்டை உரிக்கும் சமயம் வந்து கண் வெளுத்துப்போயிருக்கிறது, அல்லது பெட்டியின் சூடு குறைந்து உடம்பு மந்தமாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எலி பக்கத்திலேயே உலாவினாலும் அது கண்டுகொள்ளாது. கொஞ்ச நேரத்தில் எலிக்குப் பசிக்கும், தாகமெடுக்கும். அதன் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, கொறிக்காமல் அதனால் இருக்கவே முடியாது. கொறிக்க அங்கே இருப்பது பாம்பு ஒன்றுதான்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பாம்பு வளர்க்க ஆரம்பித்த புதிதில் ஒரு ராத்திரி எலியைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, "பசித்தால் தின்னும்" என்று படுக்கப் போய்விட்டேன். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். காலையில் பார்த்தால் என் பாம்பு ஒரு மூலையில் ஒண்டிக் கிடக்கிறது, முதுகில் விரல் நீளத்துக்குத் தோல் இல்லை, எலி தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருக்கிறது. நல்லவேளை, சதையோடு போயிற்று. முதுகெலும்பு தெரியுமளவு கொறிபட்ட பாம்புகளும், கண் போன பாம்புகளும் மருத்துவர்களிடம் வருகின்றன. பாம்பு ஏன் எதிர்த்துக் கடிப்பதில்லை என்று கேட்பீர்கள். பசியில்லாத பாம்புக்கு எலி இரையாகத் தெரிவதில்லை, எதிரியாகவும் தெரிவதில்லை. வலித்தால் நகர்ந்து போகப் பார்க்கும், அவ்வளவுதான்.

பாம்பு பிடித்துவிட்டாலும் ஆபத்து முடிந்துவிடாது. தலையைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்துச் சுற்றினால் எலி திரும்பி வாயிலோ கண்ணிலோ கடிக்கும். வாய்க்குள் பட்ட காயம் சீழ் பிடித்தால் பாம்பு மாதக்கணக்கில் வாய் திறக்காது.

அடுத்து வேட்டைக் குணம். உங்கள் கணவருக்கு ஒரு ஆய்வைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஸ்காட் போபாக் என்பவரின் குழு 2012-இல் வெளியிட்டது. செத்த எலிக்குள் செயற்கையான இதயத் துடிப்பு ஒன்றை வைத்து, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளிடம் கொடுத்தார்கள். துடிப்பு இருந்தபோது பாம்புகள் அதிக நேரம் இறுக்கின. இதில் எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், வாழ்நாளில் உயிருள்ள இரையையே பார்த்திராத பாம்புகளும் அந்தத் துடிப்புக்கேற்றபடி இறுக்கின. ஆக, செத்த எலியே தின்று வளர்ந்த பாம்புக்கும் அந்தக் குணம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. உயிருள்ள இரைக்குப் பழகிய பாம்புகள் இன்னும் பலமாக இறுக்கின என்பதும் அதே ஆய்வில் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் அந்தக் கூடுதல் பலத்தை வைத்துக்கொண்டு பாம்பு என்ன செய்யப் போகிறது?

பாம்புக்கு "இது சாப்பாடு" என்று சொல்பவை மூன்று: வாசனை, சூடு, அசைவு. நாக்கை நீட்டி நீட்டி வாசனையைச் சேகரித்து மேல் அண்ணத்தில் உள்ள உறுப்புக்குக் கொண்டுபோகிறது. பால் பைத்தானுக்கு உதட்டோரம் வரிசையாகக் குழிகள் இருக்கின்றன, அவை சூட்டை உணர்பவை. இந்த மூன்றையும் செத்த எலியைக் கொண்டே கொடுத்துவிடலாம்.

கேள்வி: நீங்கள் சொல்வதெல்லாம் சரி, என் பாம்பு கேட்க மாட்டேன் என்கிறதே! உறைந்த எலியை வாங்கி மூன்று தடவை கொடுத்துப் பார்த்துவிட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து வாரமாகப் பட்டினி. செத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. (இதுவும் பால் பைத்தான்தான், இரண்டு வயது.)

முதலில் பயத்தை இறக்கி வையுங்கள். பால் பைத்தான்கள் பட்டினிக்குப் பேர்போனவை, நன்றாக வளர்ந்த ஒன்று மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருந்துவிட்டு ஒரு நாள் ஒன்றுமே நடக்காததுபோல எலியை வாங்கிக்கொள்ளும். வீட்டுத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை பெரிதாக இறங்காதவரை காத்திருக்கலாம். பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, அல்லது வாயில் நுரை, மூச்சில் சத்தம் என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அடுத்து பெட்டியின் சூடு. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை இருக்கிறதா? ஒளிந்துகொள்ள உடம்பை ஒட்டினாற்போல் ஒரு பொந்து இருக்கிறதா? இவை இல்லாமல் எலியை மாற்றிப் பார்ப்பதில் பலன் இல்லை. குளிர்ந்த பாம்புக்குச் செரிமானம் நடக்காது, அதனால் அது தின்னவும் துணியாது.

இவை சரியென்றால் நீங்கள் எலியைக் கொடுத்த விதத்தில்தான் எனக்குச் சந்தேகம். வெளியே எடுத்து வைத்து, இளகியதும் அப்படியே போட்டிருப்பீர்கள். அறைச் சூட்டில் கிடக்கும் எலி உங்கள் பாம்பின் உதட்டுக் குழிக்கு ஒரு கல்லுக்குச் சமம். நான் செய்வது இதுதான்: முதல் நாள் ராத்திரியே எலியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மூடிய பெட்டியில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். மறுநாள் சாயங்காலம் தண்ணீர் புகாத பையில் கட்டி, கை பொறுக்கும் சூட்டில், சுமார் 40 டிகிரி தண்ணீரில் ஊறப் போடுவேன். எலியின் அளவைப் பொறுத்து 15 நிமிடமோ அரை மணி நேரமோ ஆகும், தண்ணீர் ஆறினால் மாற்ற வேண்டும். வயிற்றை அழுத்திப் பார்த்தால் உள்ளே கட்டியாகவோ சில்லென்றோ இருக்கக் கூடாது. கொடுக்கும் முன் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்குவேன், முடி உலர்த்தும் கருவி போதும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பனியாக இருக்கும், வயிறு வெடித்தால் அந்த நாற்றம் வீட்டை விட்டுப் போகாது. கொதிக்கிற தண்ணீரும் அப்படித்தான்.

நேரமும் முக்கியம். இது ராத்திரி நடமாடும் பிராணி, விளக்கை அணைத்த பிறகு, அது பொந்திலிருந்து தலையை நீட்டும்போது கொடுங்கள். ஒரு முழத்துக்குக் குறையாத நீள இடுக்கியால் எலியை இடுப்பில் பிடித்து, தலை பாம்பை நோக்கி இருக்க, நடந்து போகிற எலிபோல மெதுவாக அசையுங்கள். மூக்கில் இடிக்காதீர்கள், பலர் செய்யும் தவறு அது. எந்த எலி தன் வேட்டைக்காரனை முட்டிக்கொண்டு வரும்? பின்னோக்கி விலகிப் போவதுபோல் இழுங்கள். பாய்ந்து பிடித்துவிட்டால் லேசாக இரண்டு தடவை ஆட்டுங்கள், இறுக்கும். அப்புறம் மூச்சுக் காட்டாமல் அறையை விட்டு வந்துவிடுங்கள்.

பாயவில்லையா? பொந்து வாசலில் எலியை வைத்துவிட்டுப் போய்ப் படுங்கள். செத்த எலி கடிக்காது, இதுதான் இதன் பெரிய வசதி. காலையில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் பாம்பை அதன் போக்கில் விடுங்கள். தினமும் நீட்டி நீட்டித் தொந்தரவு செய்தால் இடுக்கியைக் கண்டாலே சுருண்டுகொள்ளும்.

இன்னும் பிடிவாதம் என்றால் படிப்படியாக இறங்கி வாருங்கள். முதலில் அப்போதுதான் கொன்ற, உடம்புச் சூடு ஆறாத எலி. இரண்டு மூன்று தடவை அதை வாங்கிய பிறகு இளக்கிச் சூடாக்கியது. பழைய எலிக் கூண்டில் விரித்திருந்த மரத்தூளில் இதைப் புரட்டி எடுத்தால் வாசனை ஏறும். அது இதுவரை தின்று வந்தது சுண்டெலியா பெரிய எலியா என்பதையும் பாருங்கள், சுண்டெலிக்குப் பழகிய பாம்புக்குப் பெரிய எலியின் வாசனை வேறு ஏதோ பிராணிதான்.

கேள்வி: எலியை உயிரோடு ஃப்ரீசரில் வைத்தால் வலியில்லாமல் தூங்கியபடியே செத்துவிடும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

கூடாது. அது தூக்கம் இல்லை, மெதுவான சாவு, விலங்கு மருத்துவர்கள் இதைக் கொடுமை என்றே சொல்கிறார்கள். சரியான உபகரணத்தில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்றுவது ஒரு முறை. கழுத்தெலும்பை ஒரே அசைவில் விலக்குவது இன்னொரு முறை, அது தேர்ந்த கைக்கு மட்டும். சோடா உப்பையும் வினிகரையும் கலந்து வீட்டிலேயே வாயு தயாரிக்கும் யோசனையும் ஒரு கடிதத்தில் இருந்தது, எவ்வளவு வாயு எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அதில் தெரியாது, பாதி மயங்கி மூச்சுத் திணறும் எலிதான் மிஞ்சும். பிறந்த குட்டிகள் வாயுவைப் பெரியவற்றைவிட வெகுநேரம் தாங்கும் என்பதையும் பலர் அறிவதில்லை. பழகாதவர்கள் கொன்று உறைய வைத்ததை வாங்கிவிடுவதுதான் நல்லது.

கேள்வி: அப்படியானால் உயிர் இரை எந்த நிலையிலும் கூடாதா?

அப்படி அடித்துச் சொல்ல மாட்டேன். முட்டையிலிருந்து வந்த குட்டிப் பாம்பு முதல் சாப்பாட்டுக்கு அசைவைத் தேடும். அதற்குக் கண் திறக்காத, முடி முளைக்காத சுண்டெலிக் குட்டியைக் கொடுக்கலாம், பல் இல்லாததால் பாம்புக்கு ஆபத்து இல்லை. எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது, எடை இறங்கிக்கொண்டே போகிறது என்ற நிலையில் வளர்ந்த பாம்புக்கும் கொடுக்க வேண்டி வரலாம். பட்டினியில் சாவதைவிட அது மேல். ஆனால் வழக்கத்தைவிடச் சிறிய எலியாகப் பார்த்து, நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து, 15 நிமிடத்தில் பிடிக்கவில்லையென்றால் வெளியே எடுத்துவிட வேண்டும். அந்த நேரத்தில் போனை நோண்டக் கூடாது. உள்ளே எலிக்கும் கொஞ்சம் தீனி போட்டு வையுங்கள், வயிறு நிறைந்த எலி கொறிப்பது குறையும்.

கேள்வி: குழம்பு வைக்கும் ஃப்ரீசரில் எலியா என்று மாமியார் சண்டைக்கு வருகிறார். உறைந்தால் கிருமி செத்துவிடும் என்றேன். சரிதானே?

இல்லை, மாமியார் சொல்வதுதான் சரி. உறைய வைத்தால் ஒட்டுண்ணிகள் பல சாகும், சால்மொனெல்லா சாகாது, இளகியதும் எழுந்து உட்கார்ந்துவிடும். முடிந்தால் தனியாக ஒரு சிறிய ஃப்ரீசர் வாங்கிவிடுங்கள். முடியாதென்றால் இரண்டு பைகளில் கட்டி, அழுத்தமாக மூடும் டப்பாவில் போட்டுத் தனித்தட்டில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் இளக வைக்கும்போதும் அப்படியே. சூடாக்க ஒரு பாத்திரத்தைத் தனியாக ஒதுக்குங்கள், சமையலறைத் தொட்டியில் அதைக் கழுவாதீர்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, முதியவர் யாராவது வீட்டில் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

கேள்வி: பொறியில் மாட்டிய எலியைப் போடலாமா? காசும் மிச்சம்.

வேண்டாம். அது யார் வீட்டில் எலிமருந்து தின்றுவிட்டு வந்ததோ. அந்த விஷம் பாம்பு வயிற்றுக்கும் போகும், ஒட்டுண்ணிகள் தனி.

கேள்வி: எலியைத் தொடவே அருவருப்பாக இருக்கிறது. கோழிக்கறித் துண்டு கொடுத்தால் என்ன?

எலும்பு, ஈரல், குடல், தோல் எல்லாம் சேர்ந்த முழு எலியில்தான் கால்சியமும் வைட்டமின்களும் சரியான அளவில் இருக்கின்றன. வெறும் சதையில் வளரும் பாம்புக்கு எலும்பு நிற்காது. சைவப் பாம்பு என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. ஆப்பிரிக்காவில் பறவை முட்டை மட்டுமே விழுங்கும் ஒரு பாம்பினம் உண்டு, உள்ளேயே ஓட்டை உடைத்துச் சாற்றைக் குடித்துவிட்டு ஓட்டைத் துப்பிவிடும், பார்க்க அழகாக இருக்கும். எலி பிடிக்காது, பாம்பு பிடிக்கும் என்கிறவர்கள் அதைப் பற்றி விசாரிக்கலாம், ஆனால் அதன் வாய்க்கேற்ற சின்ன முட்டைகள் வருடம் முழுக்கக் கிடைக்க வேண்டுமே.

கேள்வி: இளக்கிய எலியைப் பாம்பு தொடவில்லை. மறுபடி உறைய வைக்கலாமா? எந்த அளவு எலி வாங்குவது?

ஒருமுறை சூடாக்கியதை மறுபடி உறைய வைக்காதீர்கள், குப்பைக்குப் போகட்டும். அளவைப் பொறுத்தவரை, பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ அவ்வளவு தடிமன் உள்ள எலி போதும், சந்தேகமாக இருந்தால் ஒரு அளவு சின்னதாகவே வாங்குங்கள். தின்ற பிறகு இரண்டு நாள் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள், கக்கிவிடும். கக்கிவிட்டால் அடுத்த சாப்பாட்டுக்கு இரண்டு வாரமாவது விட்டு, பாதி அளவில் ஆரம்பியுங்கள்.