நெய்யில் பொரிவது ஒன்று, நீரில் ஊறுவது ஒன்று

கேள்வி: யூடியூப் பார்த்து ராஜஸ்தான் கோந்து லட்டு செய்தேன். நாட்டு மருந்துக் கடையில் கோந்து கேட்டதற்குப் பாதாம் பிசினைக் கொடுத்தார்கள். நெய்யில் போட்டால் பொரியவே இல்லை, கறுத்துக் கல்லாகிவிட்டது. கால் கிலோ நெய் வீண். எங்கே தப்பு செய்தேன்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் ஒரு குறையும் இல்லையம்மா. கடையில் கொடுத்த பொருளே வேறு.

என் கணவர் விமானப்படையில் இருந்தார். ஜோத்பூரில் ஒன்பது வருடம் குடியிருந்தோம். போன முதல் கோடையில் எனக்கும் இதே குழப்பம்தான், தலைகீழாக. பிள்ளைகள் ஜிகர்தண்டா கேட்டார்கள் என்று கடையில் 'கோந்த்' வாங்கி ராத்திரி ஊறப்போட்டேன். காலையில் பார்த்தால் பாதாம் பிசின் மாதிரி பூரித்து நிற்கவில்லை. டம்ளர் முழுக்கக் கொழகொழவென்று பழுப்புத் தண்ணீர். மாடி வீட்டுப் பெரியம்மா, தெருவே 'மாசா' என்று கூப்பிடும், விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கோந்த், குளிருக்கு. நீ கேட்டது கோந்த் கத்தீரா, வெயிலுக்கு."

அந்த ஒரு வரியில் எல்லாம் அடங்கிவிட்டது. லட்டுக்கு உரியது வேல மரத்துப் பிசின். தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும், நெய்யில் போட்டால் பொரியும். பாதாம் பிசினும், அதைப் போலவே ஊறும் வடநாட்டுப் பிசினான கத்தீராவும் தண்ணீரில் பல மடங்கு ஊறிப் பெருகும், கரையாது, நெய்யில் பொரியாது. சந்தேகம் வந்தால் நாலு துண்டை டம்ளர் தண்ணீரில் போட்டு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் அதுவே சொல்லிவிடும்.

நாட்டு மருந்துக் கடையில் 'கருவேலம் பிசின்' என்று கேளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் சௌகார்பேட்டை மளிகைக் கடைகளில் 'கானே கா கோந்த்' என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். 'கானே கா', அதாவது சாப்பிடுவதற்கானது என்பதை விட்டுவிடாதீர்கள். நமக்குக் கோந்து என்றாலே காகிதம் ஒட்டுவதுதானே. ஒட்டுவதற்கென்று விற்கும் பிசினைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

கேள்வி: சரியான பிசின்தான் வாங்கினேன். ஆனால் லட்டு பல்லில் ஒட்டுகிறது, நடுவில் கடினமாக இருக்கிறது.
– வாசகி, ஓசூர்

பதில்: உள்ளே வேகவில்லை. பெரிய கட்டிகளை அப்படியே போட்டிருப்பீர்கள். கடலைப்பருப்பு அளவுக்கு உடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவையுங்கள். ஈரம் இருந்தால் பொரியாது. நெய் மிதமாகக் காய்ந்ததும் ஒரு துண்டைப் போட்டுப் பாருங்கள். ஜவ்வரிசி வடாம் மாதிரி மெல்லச் சடசடத்து, கண்ணாடி போல் இருந்தது வெள்ளையாக உப்பி மேலே வரும். நெய் புகைகிற அளவு காய்ந்திருந்தால் மேலே சிவந்து, உள்ளே கண்ணாடியாகவே நின்றுவிடும். பல்லில் ஒட்டுவது அந்தக் கண்ணாடிதான். ஒரு கைப்பிடிக்கு மேல் ஒரே ஈட்டில் போடாதீர்கள். எடுத்ததும் ஒன்றை விரலில் நசுக்குங்கள். பொரி மாதிரி நொறுங்க வேண்டும். மாசா கிண்ணத்தின் அடிப்பக்கத்தால் அழுத்திப் பொடிப்பார். அந்தச் சத்தத்தை வைத்தே வெந்ததா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

அவர் கணக்கு இது: கோதுமை மாவு அரைக் கிலோ, நெய் 400 கிராம், பிசின் 100 கிராம், பொடித்த வெல்லம் 350 கிராம், கொப்பரைத் துருவலும் பாதாமும் கை கொண்ட மட்டும், சுக்குப்பொடி இரண்டு டீஸ்பூன். பிசினைப் பொரித்தெடுத்த அதே நெய்யில் மாவைச் சின்னத் தீயில் வாசனை எழும்பும்வரை வறுக்க வேண்டும். முக்கால் மணி நேரம்கூட ஆகும், அவசரப்பட்டால் பச்சை மாவு நாக்கில் தெரியும். வெல்லத்தை அடுப்பை அணைத்து, சூடு தணிந்த பிறகுதான் சேர்ப்பார். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் வெல்லம் பாகாகி, லட்டு ஆறியதும் இறுகிவிடும்.

கேள்வி: என் மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். சம்பந்தி வீட்டார் ஜெய்ப்பூர்க்காரர்கள். தினம் இரண்டு கோந்து லட்டு கொடுக்கச் சொல்கிறார்கள். சூடு என்று என் அக்கா தடுக்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரியாகத்தான் சொல்கிறார்கள். நாம் பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ லேகியம் கிளறிக் கொடுப்பதுபோல, அங்கே சுக்கும் ஓமமும் கோந்தும் சேர்த்த லட்டு. ஜோத்பூரில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பல் கிட்டும். அந்தக் குளிரில் பாலோடு இரண்டு லட்டு உள்ளே போனால் உடம்பு தாங்கும். கோவையில் அவ்வளவு தேவையில்லை. சம்பந்தி அம்மாளின் மனம் நோகாமல் காலையில் ஒன்று, எலுமிச்சை அளவுக்குப் பிடித்துக் கொடுங்கள்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். எலும்பு இறுகும், பால் பெருகும் என்றெல்லாம் சொல்வார்கள். அதை நம்பி வேறு சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். பிசின் என்பது நம் குடல் நேரடியாகச் செரிக்காத கரையும் நார்ச்சத்து. பெருங்குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு அது உணவு. லட்டின் பலம் நெய், கோதுமை, பாதாமிலிருந்து வருவது. நார்ச்சத்து என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு உப்பும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்திருந்தாலோ, சிசேரியன் என்றாலோ, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்காதீர்கள். அக்காவிடமும் இதையே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் முழுக்கச் சீமைக்கருவேலம். அதில் வடியும் பிசினை லட்டுக்கு எடுக்கலாமா?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: வேண்டாம் ஐயா. பெயரில்தான் கருவேலம். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு மரம், நம் நாட்டுக் கருவேலம் அல்ல. ஜோத்பூர்ப் பக்கம் உயர்ந்த ரகம் என்று கொண்டாடுவது 'கும்மட்' மரத்துப் பிசினை. அதன் விதையைக்கூட விடமாட்டார்கள், கேர், சாங்கிரி என்ற பாலைவனக் காய்களோடு சேர்த்துப் பஞ்சகுட்டா என்ற கறியில் போடுவார்கள். அதே மரம்தான் சூடான் நாட்டில் 'ஹஷாப்'. உலகச் சந்தைக்குப் போகும் பிசினில் பெரும்பகுதி அங்கிருந்து வருவது. குளிர்பான பாட்டில், மிட்டாய் உறைகளில் 414 என்ற எண்ணைப் பார்த்தால், அது இந்த வேலம் பிசின்தான்.

உங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் நாட்டுக் கருவேலம் இன்னும் நின்றால், கோடையில் பட்டை வெடித்த இடத்தில் தேன் நிறத்தில் முத்து முத்தாக வடிந்து காய்ந்திருக்கும். மரம் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அதை எடுங்கள். தூசி, பட்டைத்துண்டு நீக்கிவிட்டு, முதலில் அந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்து பாருங்கள்.