நைட்ஹாக் ஏன் இவ்வளவு குறைவாகப் பதிவு செய்தார்?

அன்புள்ள ஐயா,

புளூஸ் இசையில் எல்மோர் ஜேம்ஸ், மடி வாட்டர்ஸ் என்று கேட்டுக்கொண்டே போய் ராபர்ட் நைட்ஹாக்கிடம் வந்து நிற்கிறேன். மின்கிதாரில் ஸ்லைடு (தந்திமேல் குழாயை வழுக்கி வாசிப்பது) வாசித்த முன்னோடிகளில் ஒருவர் என்கிறார்கள். ஆனால் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. மடி வாட்டர்ஸுக்காக செஸ் இசைத்தட்டு நிறுவனம் இவரை ஓரங்கட்டிவிட்டதா? எதிலிருந்து கேட்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

ஓரங்கட்டினார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செஸ் சகோதரர்களிடம் நைட்ஹாக்கைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே மடி வாட்டர்ஸ்தான். நிறுவனத்துக்கு அப்போது அரிஸ்டோகிராட் என்று பெயர். அங்கே 1949இல் பதிவான ‘அன்னி லீ புளூஸ்’ ஓரளவு நன்றாகவே போனது. அந்தச் சூட்டோடு சிகாகோவிலேயே தங்கி, கிளப் கிளப்பாக வாசித்திருந்தால் கதை வேறு. மடி அதைத்தான் செய்தார். நைட்ஹாக்குக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ஆர்கன்சாவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள சொந்த ஊரான ஹெலினாவுக்குக் கிளம்பிவிடுவார்.

பெயரும் அப்படித்தான். 1909இல் பிறந்தபோது ராபர்ட் லீ மெக்கல்லம். 1937இல் இல்லினாயின் அரோராவில் புளூபேர்டு நிறுவனத்துக்காக முதலில் பதிவு செய்தபோது, தாய்வழிப் பெயரில் ராபர்ட் லீ மெக்காய். அன்று பாடிய ‘பிரவ்லிங் நைட்ஹாக்’ என்ற பாட்டின் பெயர்தான் பிற்பாடு ஆளுக்கே ஒட்டிக்கொண்டது. அரிஸ்டோகிராட் தட்டிலோ ‘தி நைட்ஹாக்ஸ்’ என்று ஏதோ குழுவின் பெயர்போல அச்சிட்டார்கள். மெக்காயின் தட்டை வாங்கியவருக்கு இதுவும் அதே ஆள்தான் என்று எப்படித் தெரியும்?

1951, 52இல் யுனைடெட், ஸ்டேட்ஸ் நிறுவனங்களுக்குச் சில பாட்டுகள். அப்புறம் 1964 வரை ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நீங்கள் ‘அன்னி லீ’யிலிருந்தே தொடங்குங்கள். எல்மோரைக் கேட்டுவிட்டு வருவதால் முதலில் கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்கும். எல்மோர் எடுத்த எடுப்பிலேயே பல தந்திகளை ஒன்றாக அதிரவிடுவார். இவருக்கு ஒரு தந்தி போதும், மூத்த ஸ்லைடு கலைஞர் டாம்பா ரெட்டின் வழி அது. பாட்டு வரி முடிந்த இடத்தில் கிதார் கீழிருந்து வழுக்கி ஏறி, சுருதியைத் தொட்டு, லேசாக நடுங்கி நிற்கும். அவசரமே கிடையாது. தட்டின் மறுபக்கம் ‘பிளாக் ஏஞ்சல் புளூஸ்’. பாடகி லூசில் போகன் 1930இலேயே பாடியது. 1956இல் பி.பி.கிங் அதை ‘ஸ்வீட் லிட்டில் ஏஞ்சல்’ ஆக்கிப் பெரிய பேர் வாங்கினார்.

அடுத்து, 1964இல் சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் வாசித்தது. மைக் ஷே என்பவர் ஆவணப்படம் எடுக்கும்போது பதிவானது. தெருவில் ஆம்ப்ளிஃபயரை முறுக்கிவைத்து வாசிக்கிறார், கிதார் ஒலி கரகரவென்று உடைகிறது, கூட்டத்தின் சத்தமும் கூடவே வருகிறது. ஸ்டூடியோவில் மூன்று நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டியவர் இங்கே தோன்றியபடி நீட்டுகிறார். அவருடைய மிகச் சிறந்த பதிவு இதுதான் என்பேன். தனி ஆல்பமாக வந்தது 1980இல். அவர் 1967இலேயே ஹெலினாவில் இறந்துவிட்டார்.

இதெல்லாம் பிடித்திருந்தால் கிதார் கலைஞர் எர்ல் ஹூக்கரிடம் போங்கள். நைட்ஹாக்கிடம் ஸ்லைடு கற்றவர், வேகம் இன்னும் கூடுதல்.