முக்கோணம் வைத்த கவுன்: கையால் தைப்பவர்கள் கேட்டவை

14ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கவுனைக் கையாலேயே தைக்க முயல்பவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சில. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, ஆகஸ்டில் சுவீடனில் விஸ்பி என்ற ஊரில் நடக்கும் இடைக்கால வார விழாவுக்குப் போகிறோம். கோடைக்காலம் என்பதால் காட்டனில் தைக்கலாமா?

காட்டன் வேண்டாம், மெல்லிய கம்பளி வாங்குங்கள். கம்பளி என்றதும் நமக்குப் போர்வைதான் நினைவுக்கு வரும், ஆனால் சேலைபோலத் தழையும் கம்பளித் துணியும் கடையில் இருக்கிறது. அந்தக் காலத்து ஐரோப்பாவுக்குப் பருத்தி தெரியும், இத்தாலியிலும் தென் ஜெர்மனியிலும் லினன் நூலோடு கலந்து நெய்தார்கள், ஆனாலும் மேல் கவுனுக்குப் பெரும்பாலும் கம்பளிதான். உடம்பை ஒட்டி லினன் உள்சட்டை, அதன்மேல் கவுன். வியர்வையை லினன் வாங்கிக்கொள்ளும், அடிக்கடி துவைப்பதும் அதை மட்டும்தான், கவுனை நிழலில் காற்றாடப் போட்டால் போதும். பாலியஸ்டர் கலந்ததை எடுக்கவே எடுக்காதீர்கள். திறந்த நெருப்புப் பக்கம் உட்கார நேர்ந்து ஒரு பொறி பட்டால் அது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி கருகும், அவ்வளவு சுலபமாகத் தீப்பற்றாது.

60 அங்குல அகலத்தில் 4 முதல் 5 மீட்டர் ஆகும். வெட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிக் காயவையுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

முன்பக்க நடுவில் முக்கோணத் துண்டு வைக்கும்போது மேல்முனை சுருங்கிப் பொட்டலம் மாதிரி நிற்கிறது. மூன்று முறை பிரித்துவிட்டேன்.

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். கவுனுக்குக் கீழே விரிவு கொடுப்பது அந்த முக்கோணம்தான், இந்தக் கவுனின் உயிரே அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்து குடியேறிய நார்ஸ் மக்களின் பழைய தேவாலயக் கல்லறை இருக்கிறது. அங்கே 1921இல் டென்மார்க்கைச் சேர்ந்த போல் நோர்லுண்ட் தோண்டியபோது, உறைந்த மண்ணுக்குள் கவுன்களும் தலைமூடிகளும் துணியாகவே கிடைத்தன. மரம் அரிதான ஊர், பலரைச் சவப்பெட்டி இல்லாமல் உடுப்பில் சுற்றியே புதைத்திருந்தார்கள். அந்தக் கவுன்கள் கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முன்னும் பின்னும் ஏறக்குறைய நேர்த் துண்டு, நடுவில் கீறி முக்கோணம், இரண்டு பக்கவாட்டிலும் இன்னும் சில முக்கோணங்கள். செவ்வகத்தை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு முக்கோணம் வந்துவிடும், துணி வீணாவதே இல்லை. ஆடு வளர்த்து, நூல் நூற்று, நெய்து முடிக்க எத்தனை மாதம் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், அப்படி வந்த துணியில் ஒரு சாண் வீணாக்க யாருக்கு மனசு வரும்?

சரி, முனை. பொட்டலம் வருவதற்குக் காரணம் இரண்டு பக்கத்தையும் உள்பக்கத்திலிருந்து ஒரே ஓட்டமாகத் தைப்பதுதான். அப்படிச் செய்யாமல் கவுனை நல்ல பக்கம் மேலே தெரியும்படி மேசையில் விரியுங்கள். கீறலின் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்துத் தற்காலிகத் தையல் போடுங்கள், மடிப்பு கீழே அரை அங்குலம், மேலே போகப்போகக் குறைந்து உச்சியில் ஒரு இழை அளவுக்கு வரட்டும். முக்கோணத்தை அதன் அடியில் வைத்துக் குண்டூசி குத்திவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்தே மடிப்பின் விளிம்பைப் பிடித்துச் சின்னச் சின்னதாகத் தையுங்கள். இரண்டு பக்கத்தையும் உச்சியில் தொடங்கிக் கீழே வர வேண்டும், கீழிருந்து மேலே போனால் மிச்சத் துணியெல்லாம் உச்சியில் போய்ச் சேர்ந்துவிடும். உச்சியில் மட்டும் நாலைந்து தையல் நெருக்கமாகப் போட்டு, உள்பக்கம் பிசிறு பிரியாமல் சுற்றிக் கட்டுங்கள்.

இன்னொன்று, கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டிய ஓரம் தொங்கத் தொங்க நீளும். என் முதல் கவுனுக்குத் தைத்த அன்றே கீழோரம் மடித்துவிட்டேன், மறுநாள் பார்த்தால் இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது, சுற்றளவு முழுவதையும் பிரிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் தொங்கவிட்டு, அப்புறம் அளந்து ஓரம் மடியுங்கள்.

நீளத் தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, வெளியே தெரிவதை மட்டும் கையால் போட்டால் யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாமல் போகலாம், ஆனால் உடுத்துகிற உங்களுக்கு வித்தியாசம் தெரியும். மெல்லிய கம்பளியில் மெஷின் தையல் விறைப்பாக நிற்கும், கைத்தையல் துணியோடு சேர்ந்து அசையும். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நேரமும் ஆகாது. நேர்த்தையல், அங்குலத்துக்கு எட்டு, ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை ஒரு பின்தையல் (ஊசியைப் பின்னால் கொண்டுபோய்க் குத்தி முன்னே எடுப்பது). அக்குள், நாடா கட்டும் ஓரம் போன்ற இழுபடும் இடங்களில் முழுக்கப் பின்தையல். லினன் நூலைத் தேன்மெழுகில் இழுத்துக்கொள்ளுங்கள், ஒரு முழத்துக்கு மேல் கோர்க்காதீர்கள், நீள நூல் சிக்கிக்கொண்டே இருக்கும்.

கையைத் தூக்கினால் கவுனே மேலே ஏறுகிறது.

அக்குள் வெட்டு பெரிதாகிவிட்டது. ஜாக்கெட்டுக்கு வெட்டுவதுபோல வெட்டியிருப்பீர்கள், இதற்கு அக்குளை ஒட்டி, சின்னதாக வேண்டும். கிரீன்லாந்து கவுன்களில் கையின் தையல் அக்குளுக்கு நேராக வராமல் பின்புறமாக வருகிறது, அங்கேயும் ஒரு சின்ன முக்கோணம் செருகியிருக்கிறார்கள். வெட்டிய துணி திரும்ப வராது, அதனால் உங்கள் கவுனுக்கு அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துப் பாருங்கள்.

நாடா கோர்க்கும் ஓட்டைக்கு உலோக வளையம் அடிக்கலாமா?

கூடாது. குத்தூசியால் இழைகளை வெட்டாமல் விலக்கி, சுற்றிலும் பட்டு நூலால் கட்டுங்கள்.

கை ஓரத்துப் பட்டனை எதில் செய்வது?

அதே துணியில்தான். சின்ன வட்டமாக வெட்டி, ஓரத்தில் நூலோட்டிச் சுருக்கி, உள்ளே பிசிறுத் துணியைத் திணித்து உருண்டையாக இழுத்துக் கட்டுங்கள். லண்டனில் தேம்ஸ் கரையில் கிடைத்த 14ஆம் நூற்றாண்டுத் துண்டுகளில் பட்டன் பட்டியின் நடுவில் இல்லை, துணியின் விளிம்பிலேயே தைத்திருக்கிறது. காஜா எடுத்த பக்கத்துக்குப் பின்னால் மெல்லிய பட்டுப் பட்டி. இந்த இரண்டையும் செய்தாலே கை ஓரம் அந்தக் காலத்துச் சாயலுக்கு வந்துவிடும்.

உள்ளே கார்செட் (உடம்பை இறுக்கிப் பிடிக்கும் விறைப்பான உள்ளாடை) போட வேண்டுமா?

வேண்டாம், அது பிற்காலத்தது. கவுனையே உடம்பின்மேல் போட்டு, துணியில் குண்டூசி குத்தி அளவு பிடித்து, மார்பைத் தாங்கும்படி தைப்பார்கள். ஆஸ்திரியாவின் லெங்பெர்க் கோட்டையில் 2008இல் தரைக்கு அடியில் கிடைத்த 15ஆம் நூற்றாண்டு லினன் உடுப்புகளில், இன்றைய பிரா மாதிரியே தனித்தனிக் கிண்ணம் வைத்தவை இருந்தன. அதைப் பார்த்து லினனில் தைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு வேண்டும். இயற்கைச் சாயம் எது சரி?

மஞ்சிட்டி இனத்து வேர்தான் அங்கே பரவலான சிவப்பு, படிகாரம் போட்டுச் சாயமேற்றினால் நிற்கும். நமக்குத் தெரிந்த பதிமுக மரக்கட்டை அங்கேயும் போயிருக்கிறது, இத்தாலிய வணிகர்கள் கொல்லத்து மரத்தை வெர்சினோ கொலம்பினோ என்று ஊர்ப் பெயரோடு எழுதினார்கள். அழகான நிறம், ஆனால் வெயிலில் வெளுக்கும். விஸ்பிக்கு நாள் முழுக்க வெளியே நிற்கப் போகிறவர்கள் மஞ்சிட்டியே எடுங்கள்.

இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது, முடியுமா?

தினமும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் முடியும். முதல் வாரம் கவுனைத் தொடாதீர்கள், லினன் உள்சட்டையைத் தையுங்கள், அதிலும் அதே முக்கோணம்தான், தப்பு வந்தால் அங்கேயே வந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவது வாரம் கவுனை வெட்டுங்கள்.