திருநெல்வேலி வீட்டுச் சாப்பாட்டைச் சமச்சீராக்க ஓட்ஸ், கினோவா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பாளையங்கோட்டையில் நாலு பெரியவர்கள் உள்ள வீடு, காலையில் இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். ஓட்ஸும் வேண்டாம், கினோவாவும் வேண்டாம். தேவையான பொருளெல்லாம் நம் ஊர்க் கடையிலேயே இருக்கிறது. அரிசி கூடி, பருப்பும் காயும் குறைந்து போனதுதான் கோளாறு. அதைத் தட்டில் தேடுவதைவிட மாதச் சாமான் சீட்டில் தேடினால் உடனே பிடிபடும்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85 கிராம், கீரை கிழங்கு உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம். தானியமும் பருப்பும் சமைக்காத எடை. இதை நாலு பேருக்கு 30 நாளுக்குப் பெருக்குங்கள். அரிசி, கோதுமை, கம்பு எல்லாம் சேர்த்து 30 கிலோ. உளுந்து, துவரை, பயறு எல்லாம் சேர்த்து 10 கிலோ. எண்ணெய் மூன்றரை லிட்டர். உப்பு ஆளுக்கு 5 கிராம் என்பதால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் சீட்டில் பருப்பு வகையெல்லாம் சேர்ந்து மூணு நாலு கிலோதான் என்றால் குறை அங்கேதான் இருக்கிறது. மீன், முட்டை சாப்பிடுகிற வீட்டில் பருப்பில் ஒரு பங்கை அது ஈடுகட்டும். சைவ வீட்டில் ஈடுகட்ட எதுவும் இல்லை.

இட்லியில் உளுந்து இருக்கிறதே என்பீர்கள். நாலுக்கு ஒன்று போட்டு அரைத்த மாவில் மூணு இட்லிக்கு ஏறக்குறைய 48 கிராம் அரிசியும் 12 கிராம் உளுந்தும்தான் வரும். புரதம் ஆறேழு கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாள் முழுதும் வேண்டியது 50 கிராம். சட்னிக்குப் பதில் சாம்பார் வைத்தால் கொஞ்சம் ஏறும், அதுவும் நாலு பேருக்கு 100 கிராம் துவரையாவது போட்டால்தான். பருப்புத் தண்ணீரில் காய் மிதந்தால் அது சாம்பார் கணக்கில் சேராது.

ஆகவே முதலில் மாற்ற வேண்டியது ராத்திரிச் சாப்பாடும் சாயந்திரமும். ராத்திரி தோசையை வாரத்தில் மூணு நாள் அடையாகவோ சிறுபயறு தோசையாகவோ மாற்றுங்கள். சாயந்திரம் பஜ்ஜிக்குப் பதில் காணம் (கொள்ளு), தட்டப்பயறு, கொண்டைக்கடலை என்று முறைவைத்துச் சுண்டல். ஆளுக்கு 30 கிராம் காய்ந்த பயறு போதும், ஊறி வெந்தால் ஒரு சின்னக் கிண்ணம் நிறையும். எட்டு மணி நேரம் ஊறவிடுங்கள். அவசரத்தில் அரைகுறையாக வேகவைத்த பயறுதான் வயிற்றைப் பொருமவைக்கும்.

மதியத்துக்கு நம் ஊரிலேயே அருமையான வழி இருக்கிறது: உளுந்தம்பருப்புச் சோறு. நாலு பேருக்கு 300 கிராம் புழுங்கலரிசி, 150 கிராம் தொலி (தோல்) உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுங்கள். கருகவிட்டால் கசக்கும். பிறகு அரிசியோடு சேர்த்து ஒரே ஒரு தரம் அலசுங்கள். தேய்த்துக் கழுவினால் தொலி போய்விடும், நார்ச்சத்தும் அதோடு போகும். ஒன்றரை லிட்டர் தண்ணீர், 15 பல் பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், ஒரு ஸ்பூன் சீரகம், உப்பு, கால் மூடி தேங்காய்த்துருவல். குக்கரில் நாலைந்து விசில். ஆளுக்குச் சுமார் 14 கிராம் புரதம். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, உளுந்தில் அது உண்டு. உளுந்தில் குறைகிற மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியிலும் எள்ளிலும் உண்டு. எள்ளுத் துவையலோடு இதைச் சாப்பிடச் சொன்ன முன்னோர்கள் எவ்வளவு சரியாகச் சேர்த்திருக்கிறார்கள்! கூடவே அவியலோ கீரையோ வேண்டும், அப்பளம் போதாது.

மற்ற நாளில் ஆளுக்கு 100 கிராம் அரிசி. வெந்தால் 280 கிராம் அளவுக்கு வரும். ஒரு தடவை தராசில் வைத்துப் பார்த்து, அது எத்தனை அகப்பை என்று தெரிந்துகொள்ளுங்கள். பச்சரிசியைவிடப் புழுங்கல் நல்லது: நெல்லாக அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அம்பை 16 போன்ற குண்டரிசியே போதும், மெலிந்து வெளுத்த அரிசிக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். மார்கழி, தையில் சிறுகிழங்குப் பொரியல் வைக்கிற நாளில் சோற்றில் ஒரு அகப்பை குறையுங்கள், அதுவும் மாவுச்சத்துதான்.

கீரை தினமும். முருங்கைக்கீரையில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், பாலில் அதே எடைக்கு 120. இரும்புச்சத்து உடம்பில் சேர எலுமிச்சை பிழியுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதிலுள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

மீன் சாப்பிடுவீர்கள் என்றால் சாளையும் (மத்தி) நெத்திலியும் வாங்குங்கள். விலை குறைவு, நல்ல கொழுப்பு அதிகம், நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் கிடைக்கும். செவுள் சிவந்து, கண் தெளிந்திருக்க வேண்டும். பொரிக்காமல் குழம்பு வையுங்கள். கருவாடு என்றால் வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்புக்குத் தனி உப்பைக் குறையுங்கள்.

சொதியை யாரும் விட மாட்டோம். ஆனால் அதில் ஊற்றும் தேங்காய்ப்பாலிலுள்ள கொழுப்பு பெரும்பாலும் நிறைகொழுப்பு (saturated fat). அதனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, அன்று தேங்காய்ச் சட்னி இல்லாமல், காயைக் கூட்டி, முதல் பாலைக் குறைத்து வையுங்கள்.

கருப்பட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சீனிக்குப் பதில் கருப்பட்டி போட்டால் சர்க்கரை ஏறாது என்று பலரும் நம்புகிறார்கள். ஏறும். வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவர் இருந்தால் கருப்பட்டிக் காப்பியும் சீனிக் காப்பிதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இருந்தால் மேலே சொன்ன பருப்பு, கீரை அளவு அவருக்குப் பொருந்தாது. அவருக்கு மட்டும் மருத்துவரிடம் கேட்டுத் தனி அளவு வாங்கிக்கொள்ளுங்கள்.