நெல்லு எங்கே போகுது?

அன்புள்ள அக்கா,

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. என் மகனுக்கு 22 மாதம். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீட்டில் நான், மாமியார், பையன் மூன்று பேர்தான். பையன் இருபது வார்த்தை பேசுவான். அதில் பாதி மம்மு, பாச்சி, தாச்சி, உம்மாச்சி என்று மாமியார் பழக்கியவை. நர்சரிப் பள்ளி ஒன்றில் விசாரிக்கப் போனபோது, "இப்படிக் கொச்சையாகப் பேசினால் பேச்சு தாமதமாகும், இப்போதிருந்தே வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள்" என்றார்கள். மாமியாரிடம், "இனிமே அப்படிப் பேசாதீங்க அத்தை" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் பேசுகிறேன். அடுப்படியில் இருக்கும்போது போனில் ரைம்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். அவன் அப்பா தினமும் வீடியோ காலில் வருவார். நான் செய்தது சரியா?

ம.

*

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தில் "பேசுவதையே குறைத்துக்கொண்டார்" என்ற இடத்துக்கு மேல் என்னால் சட்டென்று படிக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் அத்தையிடம் போய், பழையபடி பேசச் சொல்லுங்கள்.

மம்முவும் பாச்சியும் கொச்சை இல்லை. மம்மு என்று சொல்லும்போது இரண்டு உதடும் ஒட்டிப் பிரிவதைக் குழந்தை கண்ணால் பார்க்கிறது. சோறு என்கிறபோது வாய்க்குள் நாக்கு என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. ம, ப, த எல்லாம் முதலில் வருகிற ஒலிகள். றகரமும் ழகரமும் பல பிள்ளைகளுக்கு நாலைந்து வயதில்தான் பிடிபடும். பாட்டிகள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பிள்ளையின் வாயைப் பார்த்துப் பார்த்து அதற்கேற்ற சொல்லைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வைத்திருக்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் 47 குழந்தைகளை 9 மாதத்திலிருந்து 21 மாதம் வரை கவனித்திருக்கிறார்கள். ஒரே அசை திரும்ப வருகிற சொற்களையும் செல்லமாக முடிகிற சொற்களையும் அதிகம் கேட்ட பிள்ளைகளுக்குச் சொல்வளம் வேகமாகக் கூடியிருந்தது. குரலை உயர்த்தி, இழுத்து இழுத்துப் பேசுவதும் அப்படித்தான். நாலு மாதக் குழந்தைகூட அந்தக் குரலைத்தான் விரும்பிக் கேட்கிறது.

என் மகள் நாலு மாதமாக இருந்தபோது அம்மாதான் குளிப்பாட்டுவார். வலங்கைமான் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்ப்பார். பிறகு திருப்பிப் போட்டு, வெந்நீரைச் சொம்பில் மொண்டு ஊற்றுவார். நடுவில் குழந்தை "ங்கா" என்னும். சொம்பு அப்படியே அந்தரத்தில் நிற்கும். "அப்படியா சொன்னாங்க? அப்புறம்?" என்பார் அம்மா. குழந்தை அவர் முகத்தையே பார்க்கும். அம்மாவும் பார்ப்பார். தண்ணீர் சொம்பின் விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ங்கே" வரும். "சரி சரி, அதுக்கு நீ என்ன சொன்னே?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த சொம்பு. வெந்நீர் ஆறிப்போகுதே என்று எனக்கு எரிச்சலாக வரும். குழந்தை பதில் சொல்லும் என்று நம்பி அம்மா அங்கே காத்திருந்தார் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

இதைத்தான் ஆராய்ச்சிக்காரர்களும் சுற்றி வந்து சொல்கிறார்கள். அமெரிக்காவின் கான்சஸில் 42 குடும்பங்களை மாதம் ஒரு மணி நேரமாக இரண்டரை வருடம் கவனித்துவிட்டு, ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 1995இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். 4 வயதுக்குள் வசதியான வீட்டுப் பிள்ளை ஏழை வீட்டுப் பிள்ளையைவிட 3 கோடி வார்த்தைகள் அதிகமாகக் கேட்டுவிடுகிறது என்று. எத்தனையோ தாய்மார்களை அந்த எண் பயமுறுத்தியது. தாத்தா பாட்டி பேச்சையும் சுற்றி நடக்கிற பேச்சையும் அதில் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை என்று பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். திண்ணையும் கொல்லையும் உள்ள நம் பக்கத்து வீடுகளுக்கு அந்த மறுப்பு ரொம்பப் பொருந்தும். 2018இல் இன்னொரு குழு, 4 முதல் 6 வயது வரையிலான 36 பிள்ளைகளின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, மூளையையும் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. கதை கேட்கும்போது மூளையின் மொழிப் பகுதி எவ்வளவு சுறுசுறுப்பாகிறது என்பது, பெரியவர்கள் பேசிய வார்த்தைகளின் எண்ணிக்கையோடு அல்ல, பிள்ளையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிய தடவைகளோடுதான் ஒத்துப்போனது.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில வருடங்களுக்கு முன்னால் அங்கே பஸ்ஸில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே ஒரு இளைஞர் பைக்கை அணைத்துவிட்டு நின்றார். பெட்ரோல் டேங்க் மேல் இரண்டு வயது இருக்கும் ஒரு பயல். கூட்ஸ் வந்தது. "தோ! தோ!" என்று துள்ளினான்.

"ஆமாண்டா, கூட்ஸு. உள்ள என்னா இருக்கு தெரியுமா? நம்ம நெல்லு. மூட்டை மூட்டையா போவுது."

"நெல்லு."

"நெல்லு. நெல்லு எங்க போவுது?"

பெட்டிகள் தடதடவென்று போய்க்கொண்டே இருந்தன. அவர் பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை, போனை எடுக்கவில்லை. பத்துப் பதினைந்து பெட்டிகள் போயிருக்கும். பையன் திரும்பி அப்பா வாயைத் தொட்டு, "மம்மு" என்றான்.

"அட, ஆமா! அரிசியாவும், சோறாவும், மம்முவாவும்!" என்று அவனைத் தூக்கிக்கொண்டார்.

நெல்தான் சோறு என்பதை அந்தப் பிள்ளை அந்த இடத்தில் யோசித்துக் கண்டுபிடித்தது. அந்த மம்முவைப் போய்க் கொச்சை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர் திருத்தவும் இல்லை, அதிலேயே நின்றுவிடவும் இல்லை என்பதையும் பாருங்கள். மம்முவை வாங்கிக்கொண்டு சோறையும் அரிசியையும் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார். நீங்களும் அத்தையும் செய்ய வேண்டியது அவ்வளவுதான். "மம்மு" என்று கேட்டால், "மம்மு வேணுமா? சூடா சோறு இருக்கு, ரசம் ஊத்திப் பிசையட்டுமா?"

இப்போது இங்கிலீஷ். இரண்டு மொழி கேட்பதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சு தாமதமாவதில்லை. கும்பகோணத்துச் சௌராஷ்டிரக் குடும்பங்களில் வீட்டுக்குள் ஒரு மொழி, தெருவில் தமிழ் என்று எத்தனையோ தலைமுறையாக வளர்ந்திருக்கிறார்கள். அதனால் இங்கிலீஷ் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நமக்குச் சரளமாக வராத மொழியில் பேசும்போது நம் பேச்சு சுருங்கிவிடுகிறதே, அதுதான் வருத்தம். வயலில் மடையான் வந்து உட்கார்ந்தால் தமிழில் நீங்கள், "அங்க பாரு, மடையான் ஒத்தைக் காலுல நிக்குது, மீனுக்குக் காத்துக்கிட்டிருக்கு" என்பீர்கள். இங்கிலீஷில் "சீ, பேர்ட்" என்பதோடு முடிந்துவிடும். அப்புறம் கம், சிட், ஈட், நோ. நாள் முழுக்க அதிகாரமாகவே போகும். பள்ளிக்கூடம் இங்கிலீஷைச் சொல்லித் தரட்டும், அதற்குத்தானே ஃபீஸ் வாங்குகிறார்கள். அந்தப் பள்ளி உங்களுக்குச் சொன்னது தப்பு.

இன்னொன்று, இது நானே செய்து இன்றைக்கும் வருந்துவது. வீட்டுக்கு யாராவது வந்தால் மகளைக் கூப்பிட்டு நிறுத்தி, "இது என்ன கலர் சொல்லு, பாட்டு பாடிக் காட்டு" என்பேன். அவள் என் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கேட்கிறவருக்கு விடை தெரிந்த கேள்வி அது என்பது பிள்ளைக்குத் தெரியும். உங்கள் மகனுக்கு அந்தப் பரீட்சை வேண்டாம்.

போன் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் ஒரு சோதனை செய்தார்கள். 9 மாதக் குழந்தைகளோடு மாண்டரின் பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, 12 தடவை விளையாடிக் கதை படித்தார்கள். அந்த மொழிக்கே உரிய ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் டிவியில் வந்து அதையே பேசியபோது ஒன்றும் ஏறவில்லை. ரைம்ஸ் வீடியோ உங்கள் மகனுடைய "ங்கா"வுக்காகச் சொம்பை நிறுத்தாது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 வயதில் ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அடுப்படியில் உங்களுக்குக் கை ஒழியாது என்று தெரியும். அவனையும் பக்கத்தில் உட்கார வைத்து நாலு சின்ன வெங்காயத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் வீடியோ கால் வேறு. எதிரில் இருப்பவர் பார்த்துப் பதில் பேசினால், 2 வயதுப் பிள்ளைகள் வீடியோ காலிலும் புதுச் சொல் கற்கிறார்கள் என்று 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால் உங்கள் கணவரிடம், "சாப்பிட்டியா, அப்பா சொல்லு" என்பதோடு விடாமல், அவன் காட்டுவதைப் பார்த்து அதைப் பற்றியே பேசச் சொல்லுங்கள். அவன் செருப்பைக் காட்டினால் செருப்பைப் பற்றி.

கடைசியாக, காது. 22 மாதத்தில் இருபது வார்த்தை என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சும்மா விடவும் வேண்டாம். 2 வயதில் ஐம்பது வார்த்தையை ஒட்டி வந்து, "அம்மா வா", "மம்மு தா" என்று இரண்டிரண்டாகச் சேர்க்க ஆரம்பித்திருக்க வேண்டும். நம் ஊரில், குமரகுருபரரே ஐந்து வயது வரை பேசவில்லையே என்று ஆறுதல் சொல்வார்கள். சீர்காழிப் பக்கம் திருக்கோலக்காவுக்குப் போய் ஓசைநாயகியை வேண்டிக்கொள்ளச் சொல்வார்கள். போங்கள், நானும் போயிருக்கிறேன். அதே வாரத்தில் காதுப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளையும் கண்ணால் பார்த்தே பல விஷயங்களைப் புரிந்துகொண்டு நம்மை ஏமாற்றிவிடும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலைச் சேவை மையம் எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். பணம் கேட்க மாட்டார்கள்.

அத்தையிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தயங்காதீர்கள். நாளைக்குக் காலையில் வெந்நீர் போட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்து, "இன்னைக்கு நீங்க குளிப்பாட்டுங்க அத்தை" என்று பையனை அவர் காலில் விட்டுவிடுங்கள். காதுப் பரிசோதனை முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். அவன் புதிதாகச் சொன்ன வார்த்தைகளையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா