விக்டோரியன் வீட்டின் உள்சுவர்களை இடிக்கலாமா?

அமெரிக்காவில் 1890-களில் கட்டிய விக்டோரியன் வீடு, உள்ளே வாடகைக் குடியிருப்புகள். சுவர்களை இடித்துப் புதிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து இடிக்காதீர்கள். வீடு தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டில் இருந்து, புதுப்பிக்கும் செலவும் போதிய அளவு பெரிதாக இருந்தால், தகுதியான செலவில் 20 சதவீதம் வரிச்சலுகை கிடைக்கும். சொந்தக் குடியிருப்புக்கு இது இல்லை. வாடகைக்கு விடுவதுதான் உங்கள் பலம்.

ஆனால் அந்தச் சலுகை கிடைக்க, முன்கூடம், மாடிப்படி, கதவுச் சட்டங்கள், மரச் சட்டங்களின் மேல் பூசிய சாந்துச் சுவர் எல்லாம் நிற்க வேண்டும். அழகுக்காகச் சாந்தைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டினால் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது. அந்தச் சாந்து ஒருமுறை போனால் போனதுதான். சமையலறை, குளியலறைகளில் ஓரளவு தாராளமாக மாற்றலாம்.

அப்புறம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வையுங்கள். உலர்வாகத் தேய்க்க வேண்டாம். வேலை தொடங்கும் முன்பே வரிச்சலுகைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.